சாவியைக் கழற்றிய பிறகும் ஓடிய மின்சாரம்

எங்கள் பிக்கப்பில் வின்ச் பூட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூட்டியவர் என் கணவர். பக்கத்தில் நின்று ஸ்பனர் எடுத்துக் கொடுத்தவள் நான். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கத்தான் செய்தேன். கிடைத்த பதிலை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்ததுதான் என் பிழை.

கணவருக்குக் கிணற்று மோட்டர் வேலை. தென்மராட்சியில் குழாய்க் கிணறுகளுக்குள் இறக்கிய மோட்டர்கள் பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காற்றுக்கு விழுந்த மரங்களையும் இழுத்து அகற்றிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ஆள்பலம்தான். முதுகு நோகத் தொடங்கிய பிறகு எங்கேயோ விசாரித்துப் பழைய வின்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். வாகனத்தின் முன்பக்கத்தில் பூட்டுகிற ஒரு மோட்டரும், அதோடு ஒரு உருளையும், உருளையில் சுற்றிய இரும்புக் கயிறும். பொத்தானை அமர்த்தினால் கயிறு சுருளும். மறுநுனியில் என்ன கட்டியிருந்தாலும் அது வந்தே தீரும்.

அந்த மோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோக என் பெருவிரல் தடிப்பில் இரண்டு கேபிள்கள். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. பற்றரியிலிருந்து புறப்பட்டு, ரேடியேற்றருக்கு மேலே உள்ள தகட்டின் விளிம்பில் வளைந்து, முன்னால் இறங்கின. அந்த விளிம்பு கூராக இருந்தது. அதில் கேபிள் படுகிற இடத்தில் அவர் ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றினார்.

"இதுக்குப் பியூஸ் எங்கை?" என்று கேட்டேன்.

"ஸ்ராட்டருக்குப் பியூஸ் இருக்கோ? அதுவும் பற்றரியிலை இருந்து நேரத்தானே போகுது," என்றார். "பெரிய கரண்ட் இழுக்கிற சாமான். சின்னப் பியூஸ் போட்டால் நெடுக எரிஞ்சுகொண்டிருக்கும். பேந்து நல்லது ஒண்டு வாங்கிப் போடுவம். நீர் அந்தப் பதினாலைத் தாரும்."

பதினாலாம் இலக்க ஸ்பனரை எடுத்துக் கொடுத்தேன்.

நான் விஞ்ஞான ஆசிரியை. பாடப் புத்தகத்தில் அதற்கு 'உருகி' என்று பெயர். எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் படம் கீறி, உருகி காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரைத்தான் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு என் மனம் சொன்னது இதுதான்: வின்ச்சைப் போட்டால்தானே கரண்ட் ஓடும், அதுவும் மாதத்தில் இரண்டு தரம், ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் அது சும்மா கிடக்கிற வயர்.

சும்மா கிடக்கவில்லை. வின்ச் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வாகனம் கொட்டிலில் நின்றாலும், நாங்கள் நித்திரை கொண்டாலும், அந்தச் சிவப்புக் கேபிளின் கடைசி முனை வரைக்கும் பற்றரியின் முழுப் பலமும் வந்து நின்றுகொண்டே இருந்தது. அதற்கும் வாகனத்தின் இரும்புக்கும் நடுவில் இருந்தது ஒரு ரப்பர்த் தோலும் நாலு சுற்று ரேப்பும்.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்களும் அதை மறந்துபோனோம்.

எங்களோடு என் அண்ணையும் இருக்கிறார். பல வருடங்களுக்கு முன்னர் ஏ ஒன்பது வீதியில் மோட்டார் சைக்கிளில் வரும்போது லொறி ஒன்று தட்டி, முதுகெலும்பு பழுதாகி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான். முன் அறையில் ஒரு மேசை போட்டுக் கைத்தொலைபேசி திருத்துகிறார். கண்ணுக்குத் தெரியாத துண்டுகளையெல்லாம் இடுக்கியால் எடுத்து வைப்பார். மாதத்தில் ஒரு நாள் அவரைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக் கொண்டுபோவோம். நான் ஓட்டுவேன். பின் இருக்கையில் அண்ணை. சக்கர நாற்காலி பின் பெட்டியில் கயிறு போட்டுக் கட்டியிருக்கும்.

அந்த மாரியில் மழை விடவேயில்லை. கிளினிக் முடிந்து, புத்தூர் வழியாக வந்து, கொடிகாமத்துக்கு உட்புறமாக எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பியபோது பின்னேரம் மூன்று மணியிருக்கும். கணவரும் அன்றைக்கு எங்களோடு வந்திருந்தார். இரண்டு பக்கமும் வயல், வயல் நிறைய வெள்ளம். ஒழுங்கையின் நடுவில் ஒரு மனிசி நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

அந்த மனிசியின் மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றிப் போன ஓட்டோ. இடப் பக்கம் சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. பூசணிக்காய்கள் தண்ணீரில் மிதந்தன. ஓட்டோக்காரர் முழங்கால் அளவு சேற்றில் நின்று தள்ளிக்கொண்டிருந்தார்.

"வின்ச் இருக்குத்தானே, ஐஞ்சு நிமிச வேலை," என்று சொல்லிக் கணவர் மழைக்குள் இறங்கினார்.

அவர் கயிற்றை இழுத்துக்கொண்டு போய் ஓட்டோவின் கீழ்ச் சட்டத்தில் கொளுவினார். வயரோடு கூடிய ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். எஞ்சினை ஓட விட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு நான் சாரதி இருக்கையில் இருந்தேன். முதல் இழுவையில் ஓட்டோ அசைந்தது. இரண்டாவதில் முன் சில்லு கரையில் ஏறி, மறுபடி வழுக்கியது. மூன்றாவதில் கயிறு விறைத்து நின்றது, ஓட்டோ அசையவில்லை. கணவர் பொத்தானை விடவில்லை.

"காணும், போதும், விடச் சொல்லு," என்று பின்னாலிருந்து அண்ணை சொன்னார். "லைற் மங்குது பார். பற்றரியை உறிஞ்சுது."

நான் கண்ணாடியை இறக்கக் கையை வைத்தபோதுதான் அந்த மணம் வந்தது. நைலோன் சேலையில் சூடான அயனை வைத்துவிட்டு மறந்துபோனால் வருகிற மணம். எஞ்சினை மூடிய பொனற்றின் இடுக்கால் மெல்லிய சாம்பல் நிறப் புகை எழுந்து, மழையில் கலைந்து, மறுபடி எழுந்தது.

கணவர் பொத்தானை விட்டார். வின்ச் நின்றது. புகை நிற்கவில்லை.

"எஞ்சினை நிப்பாட்டும்! நிப்பாட்டும்!" என்று கணவர் கத்தினார்.

சாவியைத் திருப்பிக் கழற்றினேன். எஞ்சின் நின்றது. வைப்பர் பாதியில் நின்றது. மழைச் சத்தத்துக்குக் கீழே, பொனற்றுக்குள் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்டதுபோல ஒரு சீறல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. புகை சாம்பலிலிருந்து கறுப்பாக மாறியது.

சாவி என் கையில் இருந்தது. வாகனத்தை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அதைச் செய்தும் உள்ளே ஏதோ ஒன்று யாரையும் கேட்காமல் எரிந்துகொண்டே இருந்தது. வகுப்பில் சொன்ன வசனமெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. இதை நிறுத்த ஒன்றுமில்லை. பற்றரி சாகும்வரை அல்லது வாகனம் முடியும்வரை ஓடும்.

கணவர் பொனற்றைத் தூக்கினார். உள்ளே போன காற்றுக்கு நெருப்பு ஒரு முழ உயரம் எழும்பியது. தகட்டின் விளிம்பில் உரசிய சிவப்புக் கேபிளின் வளைவில் தோல் உருகிச் சொட்ட, செம்புக் கம்பிகள் தணல் நிறத்தில் தெரிந்தன. அவர் வெறுங்கையால் பற்றரிமுனையைப் பிடித்துத் திருகப் பார்த்தார். "அம்மா!" என்று கத்திக்கொண்டு கையை உதறினார்.

ஸ்பனர்ப் பெட்டி பின் இருக்கைக்குக் கீழே இருந்தது. இருக்கையின் மேலே அண்ணை இருந்தார்.

நான் இறங்கி ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தேன். அவர் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியாது. பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு அவசரமான நிதானமும் இருந்தது.

"என்னை விடு. முதல் அவருக்குச் சொல்லு, மைனஸ்! கறுப்பு வயர்! சிவப்பிலை கை வைக்க வேண்டாம் எண்டு சொல்லு!"

"அண்ணை, கழுத்தைப் பிடியுங்கோ."

"சொல்லடி முதல்!"

நான் சொல்லவில்லை. இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்து இழுத்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தரம் அவரைத் தூக்கியிருக்கிறேன், எப்போதும் கணவரோடு சேர்ந்துதான். அன்றைக்குத் தனியாக. அவர் இடுப்பு கதவு விளிம்பைத் தாண்டியதும் முழுப் பாரமும் என் மேல் விழுந்தது. மல்லாந்து விழப்போன என்னைப் பின்னாலிருந்து யாரோ தாங்கினார்கள். அந்த மரக்கறி மனிசி.

"நான் பிடிக்கிறன், பிள்ளை, நீ இழு, நீ இழு!"

இருவருமாக அவரைக் கிரவல் தரையில் இழுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனோம். போகப் போக அண்ணை கத்திக்கொண்டே வந்தார்.

"மச்சான்! மைனஸை வெட்டு! கறுப்பை! கறுப்பை வெட்டு!"

"எதாலை வெட்டிறது!" என்று கணவர் அலறினார். கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"கத்தி கிடக்கு! வாழைக்குலை வெட்டிற கத்தி!" என்று அந்த மனிசி சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அடுத்து நான் பார்த்தபோது ஓட்டோக்காரர் சேற்றிலிருந்து ஏறி வந்து கொடுவாக் கத்தியைக் கணவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். மரப்பிடிக் கத்தி. எரியாத கையால் அதைப் பிடித்து, பற்றரியின் மைனஸிலிருந்து வாகன உடலுக்குப் போன கறுப்புக் கேபிளை, அது உடலில் பூட்டியிருந்த இடத்துக்குக் கிட்ட ஓங்கி வெட்டினார். ஒன்று. இரண்டு. மூன்றாவது வெட்டில் அந்தச் சீறல் நின்றது. குழாயைப் பூட்டினதுபோலச் சட்டென்று நின்றது.

நெருப்பு மட்டும் மிச்சம். அதைச் சேற்றாலும் நனைந்த சாக்குகளாலும் இரண்டு ஆண்களும் அமர்த்தினார்கள்.

நான் நடு ஒழுங்கையில் மழைக்குள் இருந்தேன். அண்ணையின் தலை என் மடியில். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "அவருக்குக் கை எப்படி?"

*

கணவரின் உள்ளங்கையில் தோல் போயிருந்தது. எங்களுக்கு அதுதான் பெரிய காயமாகத் தெரிந்தது. மறுநாள் காலை அண்ணைக்குக் கால் துடைக்கும்போதுதான் மற்றதைக் கண்டேன். கிரவலில் இழுத்தபோது செருப்புக் கழன்று, வலது குதிக்காலில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சதை உரிந்திருந்தது. அவருக்கு நோகவில்லை. நோகாததால் சொல்லவில்லை. இரவு முழுக்க அது படுக்கைத் துணியில் அழுந்திக் கிடந்திருக்கிறது.

உணர்வில்லாத காலில் புண் வந்தால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அவரோடு கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் அப்படித்தான் போனவர். இரண்டாம் வாரம் குதிக்கால் கறுத்தது. ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. தெல்லிப்பழையில் வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்துவிட்டார்கள். வைத்தியர் என்னை வெளியே கூப்பிட்டு, கிருமி எலும்புக்குள் போயிருந்தால் காலை எடுக்க வேண்டி வரலாம், இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

அந்த இரண்டு நாளும் நான் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்து ஒன்றைத்தான் யோசித்தேன். பேந்து வாங்கிப் போடுவம். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, எப்போது வந்திருக்கும்? நான் ஒரு தரம் கூட ஞாபகப்படுத்தவில்லை. சம்பளம் எடுத்து வந்த நாட்களில் கொடிகாமச் சந்தையில் நின்று கத்தரிக்காய் பார்த்து வாங்கியிருக்கிறேன். பத்து மீற்றர் தள்ளி வாகனச் சாமான் கடை.

எலும்புக்குப் போகவில்லை. காய்ச்சல் விட்டது. ஆனால் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. ஒவ்வொரு நாளும் துணியை அவிழ்க்க முன்னர் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வேன், இன்றைக்கு என்ன நிறத்தில் இருக்குமோ என்று.

அப்படி ஒரு நாள் மருந்து கட்டும்போது சொன்னேன்.

"அண்ணை, அந்த வயர் பூட்டேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். பியூஸ் இல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவர் குப்புறப் படுத்திருந்தார்.

"எனக்கும் தெரியும்," என்றார்.

நான் கட்டுவதை நிறுத்தினேன்.

"பூட்டின அடுத்த நாள் பொனற் திறந்து கிடந்தது. கதிரையை உருட்டிக்கொண்டு போய்ப் பாத்தனான். பியூஸைக் காணேல்லை. வளைவிலை அந்தத் தகட்டையும் பாத்தனான். சொல்லுவம் எண்டு வாய்வரை வந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

"அவரின்ரை வீட்டிலை இருந்துகொண்டு, அவரின்ரை சோத்தைத் திண்டுகொண்டு, அவரின்ரை வேலையிலை பிழை பிடிக்கிறதோ?"

அவர் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. முகத்தைத் தலையணைப் பக்கம் திருப்பிக்கொண்டார். எரியும் வாகனத்துக்குள் என்னை விடு என்று கத்தியவர், சும்மா நின்ற வாகனத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல் சொல்லப் பயந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அவர் அப்படித்தான் இருக்கிறார் என்பது எனக்கு இத்தனை வருடமும் தெரியாமல் இருந்தது. நெருப்பைவிட அதுதான் என்னை அதிகம் சுட்டது.

அன்று பின்னேரம் கணவருக்கு இதைச் சொன்னேன். அவர் எரிந்த கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து அண்ணையின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது.

"மச்சான், வாகனத்தை ஒருக்கால் நீர் பாத்துச் சொல்லும், திருப்பி எப்பிடிச் செய்யிறது எண்டு. நீர் சரியெண்டால்தான் பூட்டுவன்."

"வின்ச் தேவையோ?" என்று அண்ணை கேட்டார்.

"அது இல்லாமல் இனி மோட்டர் தூக்கேலாது. முதுகு விடாது."

"அப்ப வடிவாப் பூட்டுவம்."

*

எரிந்துபோன வயர்களையெல்லாம் மாற்றிக் கொடுத்தவர் கொடிகாமத்தில் வாகன மின்வேலை செய்கிற ஒரு பாஸ், கைதேர்ந்த தொழிலாளி. அறுபது வயதுக்கு மேலிருக்கும், அதிகம் கதைக்காத மனிதர். வின்ச்சை மறுபடி இணைக்கிற நாளில் நாங்கள் மூன்று பேரும் போனோம். அண்ணை அந்த வாகனத்தில் ஏறவில்லை, ஓட்டோவில் வந்தார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கணவர் பிரேக்கர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கைக்குள் அடங்குகிற பெட்டி. அளவு கடந்து கரண்ட் ஓடினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும், பிறகு நெம்புகோலைத் தள்ளிப் பழையபடி போடலாம். பியூஸ்போல ஒவ்வொரு தரமும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

"இதை எங்கை வைப்பம்? வின்ச்சுக்குக் கிட்ட இடம் இருக்கு," என்றார்.

"அங்கை வைச்சுப் பிரயோசனம் இல்லை," என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "பற்றரிக்கும் இதுக்கும் நடுவிலை கிடக்கிற வயரை ஒண்டும் காப்பாத்தாது. அந்த நடுவிலைதான் அண்டைக்கு எரிஞ்சது. பற்றரிக்குக் கிட்ட வேணும். ஒரு சாண் தள்ளிக்கூடப் போகக் கூடாது."

பாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரீச்சர் சொல்லிறது சரி."

"அளவும் வயர் தாங்கிற அளவுக்குத்தான் பார்க்க வேணும். வின்ச் எவ்வளவு இழுக்கும் எண்டு பார்த்து இல்லை."

"அதுவும் சரி."

"இதைப் பூட்ட முதல் ஒருக்கால் சோதிக்கலாமோ?" என்று அண்ணை கேட்டார்.

பாஸ் முற்றத்தின் மூலையிலிருந்து ஒரு பழைய லொறிப் பற்றரியை இழுத்து வந்து, பிரேக்கரைப் பூட்டி, எங்கள் புதுக் கேபிளில் மிஞ்சிய துண்டைப் பூட்டி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மற்ற முனையை நீண்ட தடியொன்றில் கட்டி, பற்றரியின் மைனஸோடு இணைத்த இரும்புத் தகட்டில் அமர்த்தினார்.

பொறி பறந்தது. பிரேக்கர் விழும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். விழவில்லை. கேபிள் ஒரு பாம்புபோல மெல்ல நெளிந்தது. அதன் தோலிலிருந்து சாம்பல் நிறப் புகை எழுந்தது. அதே மணம்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வீதியில் நின்றேன். வாகனங்கள் கோர்ண் அடித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போயின. எப்படி அங்கே போனேன் என்று ஞாபகமில்லை. பின்னால் அண்ணையின் நாற்காலியை என்னோடு இழுத்து வந்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் சில்லுகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது, முடிஞ்சுது. அவர் தடியை எடுத்திட்டார். பார், எடுத்திட்டார்."

பாஸ் பிரேக்கரைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். "மேலை எழுதியிருக்கிறது ஒண்டு, உள்ளுக்கை இருக்கிறது வேறை," என்றார். "நல்ல பிரேக்கர் இல்லாமல் இல்லை. ஆனால் இப்ப இஞ்சை எது நல்லது எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. பியூஸ் போடுவம். அது ஒரு தகடு உருகிற சங்கதி. அதுக்குப் பொய் சொல்ல ஏலாது."

திருகாணி போட்டு இறுக்குகிற தடித்த பியூஸ் சிலவற்றைக் கொண்டுவந்தார். ஒன்றை அதேபோலப் பற்றரியில் பூட்டினார். இந்த முறை நான் வீதியில் நின்றுதான் பார்த்தேன். தடி தகட்டைத் தொட்டதும் 'டப்' என்றது. அவ்வளவுதான். பியூஸின் கண்ணாடிப் பக்கம் கறுத்திருந்தது. கேபிளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கணவர் போய்த் தொட்டார், தழும்பு விழுந்த அதே கையால்.

"கொஞ்சம் வெதுவெதுப்பு. சுடேல்லை," என்றார்.

பிறகு நடந்ததெல்லாம் பொறுமையான வேலை. பற்றரியின் பிளஸ் முனைக்கு நாலு விரல் தள்ளிப் பியூஸ். அதற்குப் பிறகு ஒரு திருகு சுவிச், வின்ச் தேவையில்லாத நேரம் முழுக்க அந்தக் கேபிளை உயிரில்லாமல் வைத்திருக்க. கேபிள் முழுவதற்கும் ரப்பர்க் குழாய் உறை. அந்தக் கூர்த் தகட்டை அராவி மழுக்கி, கேபிளை அதன் மேல் வளைக்காமல் பக்கவாட்டில் துளை போட்டு, துளைக்கு ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுபோனார்கள். அண்ணை நாற்காலியில் இருந்தபடி ரோர்ச் அடித்து ஒவ்வொரு வளைவையும் பார்த்தார். இரண்டு இடத்தில் "உது உரசும்" என்றார். இரண்டு இடத்திலும் கணவர் மறுபேச்சில்லாமல் கழற்றி மறுபடி கட்டினார்.

*

அடுத்த கிளினிக்குக்கு அண்ணை எங்கள் பிக்கப்பில் ஏறினார். நான் அவரை ஓட்டோவில் கொண்டுபோகலாம் என்றுதான் சொன்னேன்.

"நீ பயந்தால் ஓட்டாதை. அவர் ஓட்டட்டும்," என்றார்.

நான்தான் ஓட்டினேன். தெல்லிப்பழை போய்ச் சேரும்வரை மூக்கால் ஓட்டினேன் என்று சொல்ல வேண்டும். வீதியோரம் யாரோ குப்பை எரித்த புகைக்கு வாகனத்தை நிறுத்தி இறங்கிப் பொனற்றைத் திறந்தேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். ஸ்பனர்ப் பெட்டி இப்போது முன் இருக்கையில் என் பக்கத்தில் இருந்தது.

வைகாசிக் காற்றுக்கு எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு வேப்பமரம் விழுந்தது. கிளினிக் முடிந்து வரும்போதுதான் கண்டோம். அதைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாது. கணவருக்குக் கோல் எடுத்தேன். சைக்கிளில் வந்தார். வந்து என்னைப் பார்த்தார்.

"போடவோ?" என்று கேட்டார்.

"அண்ணையை இறக்கினால்தான்," என்றேன் நான். சக்கர நாற்காலியை இறக்கி, அவரை அதில் இருத்தி, வேலிக் கரையில் நிழலில் விட்ட பிறகுதான் கணவர் சுவிச்சைத் திருப்பினார். நான் வாகனத்துக்குள் இருந்து பிரேக்கை மிதித்தேன். கால் நடுங்கியதில் பிரேக் லைற் அணைந்து அணைந்து எரிந்ததாகப் பிறகு அண்ணை சொன்னார்.

மரம் அசைந்தது. பிறகு ஒரு கிளை வேலிக் கட்டையில் மாட்டிக்கொண்டது. கயிறு விறைத்தது. மோட்டரின் சத்தம் தடித்துத் தாழ்ந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

'டப்.'

வின்ச் நின்றது. எல்லாம் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். புகையைத் தேடினேன். மணத்தைத் தேடினேன். முறிந்த வேப்பங்கிளையின் கசந்த பச்சை மணம்தான் வந்தது. கணவர் பொனற்றைத் திறந்தார். பியூஸின் கண்ணாடி கறுத்திருந்தது. வேறெதிலும் ஒரு கீறல் இல்லை.

"உருகீற்றுதோ?" என்று வேலிக் கரையிலிருந்து அண்ணை கேட்டார்.

"ஓம். உருகீற்றுது," என்றார் கணவர்.

நான் வாகனத்தின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. இருவரும் என்னை அழ விட்டார்கள்.

பிறகு கணவர் சுவிச்சை அணைத்து, கைவசமிருந்த புதுப் பியூஸைப் பூட்டினார். மாட்டிய கிளையை முதலில் கோடாலியால் தறித்தார். கயிற்றை ஒரு கப்பியில் போட்டு இரட்டையாக்கி, வின்ச்சின் பாரத்தைக் குறைத்தார். இரண்டாவது தரம் நான் உள்ளே இருக்கவில்லை. கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, அண்ணையின் பக்கத்தில் போய் நின்றேன். மரம் மெதுவாகத் திரும்பி ஒழுங்கையின் ஓரத்துக்கு வந்தது.

கணவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் போய்ப் பொனற்றுக்குள் கையை விட்டுக் கேபிளை முதல் தடவையாகத் தொட்டேன். பியூஸுக்குக் கிட்ட, நடுவில், துளையின் வளையத்தில். வெயிலில் காய்ந்த துணியின் சூடு.

"எப்படி?" என்று அண்ணை கேட்டார்.

"பரவாயில்லை," என்றேன். அவரை மறுபடி வாகனத்தில் ஏற்ற நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்தோம்.